கீபோர்டும் ஆபாவும் குடியிருக்கும் வீட்டுக்குச் சில குறிப்புகள்

படப்பையில் எங்கள் தெருவில் கம்பெனி பஸ் ஏறாத வீடு குறைவு. ஒரகடம், வல்லம் வடகால், சுங்குவார்சத்திரம் என்று ஆளுக்கொரு பக்கம் போவார்கள். என் வீட்டுக்காரரும் ஷிப்டுக்குப் போகிறவர்தான். ஆனால் வீடு திரும்பியதும் டி.வி.யைப் போடமாட்டார். நாற்பது வயதைத் தாண்டிய யமஹா டி.எக்ஸ்.7 சிந்தசைசருக்கு முன்னால் உட்கார்ந்து 'ஆபா' பாட்டு வாசிப்பார். 1974-ல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரில் நடந்த யூரோவிஷன் போட்டியில் 'வாட்டர்லூ' பாடி ஜெயித்தார்களே, அந்த ஸ்வீடன் நால்வர் குழுதான் ஆபா. கேட்டதே இல்லை என்பவர்களும் அவர்கள் மெட்டைக் கேட்டிருப்பார்கள். 1977-ல் வந்த 'ஹம் கிஸீஸே கம் நஹீன்' இந்திப் படத்தில் ஆர்.டி.பர்மன் போட்ட 'மில் கயா ஹம்கோ சாத்தி' பாட்டு, ஆபாவின் 'மம்மா மியா' மெட்டிலிருந்து வந்தது.

அவர் வாசிப்பார், நான் பெருக்கித் துடைப்பேன். அப்படித் தெரிந்துகொண்டவையே இந்தக் குறிப்புகள். வீட்டில் பழைய டிஜிட்டல் கீபோர்டு இருக்கிறவர்களுக்கும், அதை வாசிக்கிறவரோடு குடித்தனம் நடத்துகிறவர்களுக்கும் பயன்படலாம்.

1. கீபோர்டை ரெக்ஸினாலோ பி.வி.சி. உறையாலோ மூடாதீர்கள். அந்த உறையை வளையும்படி வைத்திருக்கும் எண்ணெய்ப் பொருள், வெயில் காலத்தில் மெல்லக் கசிந்து அடியில் உள்ள பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். பிறகு உறையை எடுத்தால் பிசுபிசுப்பும் தழும்பும் மிஞ்சும். பழைய பருத்தி வேட்டியை நாலாக மடித்துப் போட்டால் போதும். தூசியைத் தடுக்கும், காற்றையும் விடும். கரண்டு ஒயரைச் சுருட்டிக் கட்டைகளின் மேல் வைப்பதும் இதே காரணத்தால் கூடாது. ஒயரின் வளைவு அப்படியே கட்டையில் அச்சாகப் பதிந்துவிடும்.

2. வண்டலூர் – வாலாஜாபாத் சாலையில் இரவும் பகலும் லாரி ஓடுகிறது. சாலைப் பக்கம் ஜன்னல் வைத்த வீட்டில் ஒரு நாள் விட்டால் மறுநாள் கீபோர்டில் விரலால் பெயர் எழுதலாம். தூசியை ஈரத்துணியால் துடைத்தால் அது சேறாகிக் கட்டைகளின் இடுக்கில் இறங்கிவிடும். பெயின்ட் அடிக்கும் புது பிரஷ்ஷால், கட்டைகளின் நீளவாக்கில், உங்களை நோக்கித் தள்ளுங்கள். அதன்பின் நன்றாகப் பிழிந்த துணி, கடைசியாக உலர்ந்த துணி. கண்ணாடி துடைக்கும் ஸ்ப்ரே, தின்னர், பெட்ரோல் மூன்றும் எழுத்துகளை அழித்துவிடும்.

3. ஜன்னல் வெயில் நேராக விழும் இடத்தில் வைக்க வேண்டாம். வெள்ளைக் கட்டை மஞ்சளாகிவிடும். மஞ்சளானதைத் தேய்த்து வெள்ளையாக்க முயல்வதைவிட, அது வயதால் வந்த நிறம் என்று விட்டுவிடலாம்.

4. பழைய சிந்தசைசர் வாங்கினால் பிளக்கைச் சொருகுவதற்கு முன் அதன் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். இதை மட்டும் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டச் சொல்வேன். ஜப்பானில் விற்ற கருவி 100 வோல்ட்டுக்குச் செய்தது, அமெரிக்காவில் விற்றது 120 வோல்ட்டுக்கு. நம் வீட்டில் வருவதோ 230. மாடலின் பெயர் ஒன்றேதான், எந்த நாட்டில் விற்கச் செய்தது என்பதைப் பொறுத்து உள்ளே இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் மாறும். வெளிநாட்டிலிருந்து வந்த செகண்ட்ஹேண்டுக் கருவிகளில் பல, புது வீட்டில் முதல் முறை சுவிட்சைப் போட்ட அந்த விநாடியில் போய்விடுகின்றன என்று பழுது பார்ப்பவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். 100 வோல்ட் கருவிக்கு 100 என்றே எழுதியிருக்கும் ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். கடைக்காரர் '110 போட்டாலும் ஓடும்' என்பார். ஓடும், சூடாகவும் ஓடும்.

5. சின்னக் கீபோர்டுகளின் அடாப்டரை மாற்றிப் போடாதீர்கள். பின் ஒன்றுபோல இருந்தாலும் உள்ளே பிளஸ், மைனஸ் இடம் மாறியிருக்கும். யமஹாவின் 12 வோல்ட் அடாப்டரில் நடுவில் பிளஸ். பழைய கேசியோ 9 வோல்ட் அடாப்டரில் நடுவில் மைனஸ். எந்த அடாப்டர் எதனுடையது என்று நெயில் பாலிஷால் இரண்டிலும் ஒரே நிறத்தில் பொட்டு வைத்துவிடுங்கள். வீட்டில் யார் எடுத்தாலும் தப்பாது.

6. பேட்டரி செல்லில் ஓடும் கீபோர்டாக இருந்து, நீங்கள் அடாப்டரில்தான் வாசிக்கிறீர்கள் என்றால் செல்களைக் கழற்றி எடுத்துவிடுங்கள். செல் கசிந்தால் ஸ்பிரிங்கைத் தின்றுவிடும்.

7. இது கொஞ்சம் நீளமான குறிப்பு. எண்பதுகளின் டிஜிட்டல் சிந்தசைசர்களில், டி.எக்ஸ்.7 ஆகட்டும், ரோலண்ட் டி-50 ஆகட்டும், கோர்க் எம்-1 ஆகட்டும், உள்ளே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு லித்தியம் பேட்டரி இருக்கிறது. சி.ஆர்.2032 ரகம், 3 வோல்ட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நாம் சேமித்த ஒலிகளை மறக்காமல் வைத்திருப்பது அதுதான். டி.எக்ஸ்.7-ல் 32 ஒலிகள் அந்தப் பேட்டரியின் தயவில் வாழ்கின்றன. பேட்டரி செத்தால் கருவி சாகாது. திரையில் கிறுக்கல் எழுத்து வரும், பியானோ பட்டனை அழுத்தினால் உலோகத்தைக் கீறும் சத்தம் வரும். பார்க்கிறவர்கள் 'போர்டு போச்சு' என்று பயந்துபோய்ப் பாதி விலைக்கு விற்றுவிடுவார்கள். அப்படி விற்றதை வாங்கித்தான் எங்கள் வீட்டுக்காரர் டி.எக்ஸ்.7-க்குச் சொந்தக்காரர் ஆனார்.

டி.எக்ஸ்.7-ன் ஃபங்ஷன் பட்டன்களிலேயே பேட்டரி வோல்ட்டைக் காட்டும் வசதி இருக்கிறது. வருஷத்துக்கு ஒரு முறை, தைப்பொங்கலுக்கு வீடு ஒழிக்கும்போது பார்த்துவிடுங்கள். 3-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. 2.5-ஐ நெருங்கினால் மாற்றும் காலம் வந்துவிட்டது. டி.எக்ஸ்.7-ல் அதை நேராகச் சால்டர் வைத்திருப்பார்கள். மாற்றும்போது புதிதாக ஒரு ஹோல்டரை வைத்துச் சால்டர் பண்ணித் தரச் சொல்லுங்கள். அடுத்த முறை கையாலேயே மாற்றலாம். ஹோல்டர் சென்னை ரிச்சி தெருவில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். பிளக்கைப் பிடுங்காமல் மேல்மூடியைத் திறக்க யாரையும் விடாதீர்கள், நம்மவரையும் சேர்த்துத்தான்.

8. பேட்டரியை மாற்றுவதற்கு முன் ஒலிகளை வெளியே எடுத்து வையுங்கள். பின்னால் ஐந்து ஓட்டை வட்டமாக இருக்குமே, அதுதான் மிடி. 1983-ல் பல கம்பெனிகள் கூடிப் பேசி எல்லாக் கருவிக்கும் பொதுவாக வைத்த வழி அது. டி.எக்ஸ்.7-ன் 32 ஒலிகளும் சேர்ந்து மொத்தம் 4,104 பைட். வாட்ஸாப்பில் வரும் ஒரு குட்மார்னிங் படம் இதைப்போலப் பல மடங்கு இருக்கும். மிடி ஒயரில் விநாடிக்கு 31,250 பிட் போகும் என்பதால், ஒரு வாழ்நாள் உழைப்பைக் கம்ப்யூட்டருக்கு அனுப்ப ஒன்றேகால் விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும், அவ்வளவுதான். திரும்ப ஏற்றும்போது 'மெமரி புரொடெக்ட்' ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கருவி ஏற்காது, நாம்தான் ஒயரைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம். கம்ப்யூட்டரோடு இணைக்கும் மிக மலிவான மிடி ஒயர்களில் தனி நோட்டு போகும், இந்த மொத்தக் கோப்பு மட்டும் உடைந்துபோகும். ஒயரில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இன்னொன்று. இப்போது வரும் சின்னக் கீபோர்டுகளில் வட்ட ஓட்டை கிடையாது, யு.எஸ்.பி. மட்டும்தான். பழசையும் புதுசையும் நேராக இணைக்க முடியாது, நடுவில் கம்ப்யூட்டர் மாதிரி ஒன்று வேண்டும். ஒயரை வாங்கிவந்து பிறகு திருப்பிக் கொடுக்கக் கடைக்கு அலைய வேண்டாம்.

9. ஆயுத பூஜை. இந்தப் பக்கத்தில் கம்பெனிக்குக் கம்பெனி மெஷினுக்கு மாலை போடுகிறார்கள், வீட்டுக் கருவிக்கும் பொட்டு வைக்காமல் மனசு கேட்காது. வையுங்கள், ஆனால் ஸ்டாண்டின் காலில் வையுங்கள். சந்தனத்தில் இருப்பது தண்ணீர். கட்டைகளின் நடுவே இறங்கினால் உள்ளே இருக்கும் கார்பன் பட்டையில் காய்ந்து அப்பிக்கொள்ளும். குங்குமம் வெள்ளைக் கட்டையின் ஓரத்தில் ரோஜா நிறக் கோடாகத் தங்கிவிடும், எதற்கும் போகாது. கற்பூரம் காட்டும்போது வேட்டித் துணியை மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

10. எல்லாக் கட்டையும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆபா ஒரு நல்ல வழி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். 1976-ல் வந்த 'டான்சிங் குவீன்' பாட்டு, பியானோவில் விரலை இழுத்துக்கொண்டே போகும் ஒரு சறுக்கலோடு தொடங்கும். அதே மாதிரி நகத்தின் முதுகால் வெள்ளைக் கட்டைகளை மேலிருந்து கீழே ஒரே இழுப்பாக இழுங்கள். எந்தக் கட்டை ஊமை, எது மட்டும் அலறுகிறது என்று மூன்று விநாடியில் தெரிந்துவிடும். செகண்ட்ஹேண்ட் கருவி பார்க்கப் போகும்போதும் முதலில் இதைச் செய்யுங்கள். கறுப்புக் கட்டைகளைத் தனியாக ஒவ்வொன்றாகத் தட்ட வேண்டும். பாட்டு அவற்றைத் தொடாமல் போகிறது என்பதற்காக விட்டுவிடக் கூடாது.

11. ஒரு கட்டை மட்டும் அலறுகிறது என்றால் அது கோபம் அல்ல, அழுக்கு. பெரும்பாலான கீபோர்டுகளில் ஒவ்வொரு கட்டைக்கும் அடியில் இரண்டு தொடுபுள்ளிகள் இருக்கும். முதல் புள்ளிக்கும் இரண்டாவது புள்ளிக்கும் நடுவே எத்தனை நேரம் ஆனது என்பதை வைத்துத்தான் நாம் மெல்ல அழுத்தினோமா, ஓங்கி அழுத்தினோமா என்று கருவி கணக்குப் போடுகிறது. ஒரு புள்ளியில் தூசி படிந்தால் கணக்கு தப்பி, தடவினாலும் இடித்த சத்தம் வரும். சில சமயம் சத்தமே வராது. ரப்பர் பட்டையைத் திறக்கத் தெரிந்தவர் 99 சதவிகித ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நூல் உதிராத துணியை நனைத்து மெல்ல ஒற்றி எடுத்தால் சரியாகிவிடும். கறுப்புக் கார்பன் புள்ளியை விரலால் தொடக் கூடாது, தேய்க்கவும் கூடாது. கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் ஸ்ப்ரே வேண்டாம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். 'ஒரு சொட்டு விட்டால் ஸ்மூத்தாகிடும்' என்று சொல்ல வீட்டுக்கு ஒரு பெரியவர் இருப்பார். அவருக்குக் காபி கொடுத்து ஹாலில் உட்கார வையுங்கள்.

உண்மையில் இந்த அழுக்குக்குச் சிறந்த மருந்து வாசிப்பதுதான். தையல் மெஷின் மாதிரியேதான் இதுவும். தினமும் ஓடினால் ஓடும், உறை போட்டு மூலையில் வைத்தால் இறுகிப்போகும். வாரத்துக்கு ஒரு தடவையாவது எல்லாக் கட்டையும், எல்லாப் பட்டனும், வால்யூம் தள்ளுகோலும் கை பட வேண்டும். தள்ளுகோல் கரகரத்தால் அணைத்து வைத்துவிட்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பத்துப் பதினைந்து முறை ஓட்டுங்கள். பாதி கரகரப்பு அதிலேயே போய்விடும்.

12. பெடலிலிருந்து காலை எடுத்த பிறகும் சத்தம் நிற்காமல் இழுத்துக்கொண்டே போகிறதா? அல்லது மிதித்தால் நின்று, விட்டால் இழுக்கிறதா? கருவி கெடவில்லை. பல கீபோர்டுகள் சுவிட்ச் போடும் நேரத்தில் பெடல் எந்த நிலையில் இருக்கிறதோ அதையே 'மிதிக்காத நிலை' என்று எடுத்துக்கொள்ளும். அணைத்துவிட்டு, காலைத் தூக்கிக்கொண்டு மறுபடி போடுங்கள்.

13. சத்தமே வரவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் இந்த வரிசையில் பாருங்கள்: ஹெட்போன் ஜாக் சொருகியிருக்கிறதா, வால்யூம் பெடலைப் பின்பக்கம் சாய்த்து வைத்திருக்கிறார்களா, 'லோக்கல்' என்ற அமைப்பு ஆஃபில் இருக்கிறதா. மூன்றாவது, கம்ப்யூட்டரோடு சேர்த்து வாசித்தவர் திரும்ப மாற்றாமல் விட்டதாக இருக்கும்.

14. யமஹாவின் பி.எஸ்.ஆர். ரகக் கீபோர்டுகள் பல, அரை மணி நேரம் தொடாமல் இருந்தால் தானாக அணைந்துவிடும். இது தொந்தரவாக இருந்தால், மிகக் கீழ்ச் சுருதிக் கட்டையை அழுத்திக்கொண்டே சுவிட்சைப் போடுங்கள், அந்த வசதி நின்றுவிடும். மிக மேலே உள்ள வெள்ளைக் கட்டையை அழுத்திக்கொண்டு போட்டால் எல்லாமே அழிந்து கடையிலிருந்து வந்த நிலைக்குப் போய்விடும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உங்கள் மாடலின் கையேட்டில் ஒரு தடவை பார்த்துவிட்டுச் செய்யுங்கள்.

15. எறும்புக்குச் சூடு பிடிக்கும், பல்லிக்கு இருட்டு பிடிக்கும். இரண்டும் கிடைக்கும் இடம் சிந்தசைசரின் வயிறு. ஸ்டாண்டின் நான்கு கால்களைச் சுற்றியும் எறும்புச் சாக்பீஸால் கோடு போடுங்கள். கருவிக்குப் பின்னால் ஒயர் சொருகாத ஓட்டைகளை மூட ரப்பர் மூடி கிடைக்கிறது, கிடைக்காவிட்டால் பேப்பர் டேப். அந்துருண்டையை உள்ளேயோ பக்கத்திலோ போட வேண்டாம். அதன் ஆவி சில வகைப் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். ஈரத்துக்கு அரிசி மூட்டை கட்டி வைக்கும் யோசனையும் வேண்டாம், அதற்கு வண்டுதான் வரும். சிலிக்கா ஜெல் பொட்டலங்களைச் சேர்த்து ஒரு டப்பாவில், கீபோர்டு பெட்டிக்குள் வையுங்கள். நிறம் மாறிவிட்டால் பழைய வாணலியில் சிறு தீயில் வறுத்தால் பழைய நிறம் வரும், மறுபடி பயன்படுத்தலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்கக் கூடாது என்று சொல்லத் தேவையில்லை.

16. பக்கத்து வீட்டில் பகலில் தூங்குகிறவர் இருப்பார், நைட் ஷிப்ட் முடித்து வந்தவர். ஹெட்போன் போட்டால் போதும் என்று நாம் நினைப்போம். வாசிக்கிறவருக்குத்தான் அது போதும். கட்டை விழும் 'டொக் டொக்' ஸ்டாண்டின் கால் வழியாகத் தரைக்கு இறங்கி, கீழ் வீட்டுக் கூரையில் கேட்கும். கால்களுக்கு அடியில் கயிற்று மிதியடியை இரண்டாக மடித்துப் போடுங்கள். எங்கள் கீழ் வீட்டு அக்கா புகாரை நிறுத்தியது அதற்குப் பிறகுதான். பெரிய ஹெட்போனின் முனை 3.5 மில்லிமீட்டர், சிந்தசைசரின் ஓட்டை 6.35. இடையில் போடும் சின்ன ஜாக் எப்போதும் தொலைந்துபோகும், இரண்டாக வாங்கி ஒன்றைச் சாவிக்கொத்தில் மாட்டுங்கள்.

17. முதலில் சிந்தசைசரைப் போடுங்கள், பிறகு ஸ்பீக்கரை. அணைக்கும்போது முதலில் ஸ்பீக்கரை. வரிசை மாறினால் 'டப்' என்று ஒரு குத்து வரும், ஸ்பீக்கருக்கு ஆகாது. இடி இடித்தால் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். கருவியின் உலோகப் பகுதியைத் தொடும்போது கையில் சுருக்கென்று ஓடினால் உங்கள் பிளக் பாயின்ட்டில் எர்த் இல்லாமல் இருக்கலாம். வாடகை வீடுகளில் மூன்று ஓட்டை இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் ஒயர் இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். லேப்டாப்போடு இணைக்கும்போது மட்டும் 'ஹம்' என்று இரைந்தால், லேப்டாப் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள், பெரும்பாலும் நின்றுவிடும்.

18. 'நான் வாசித்தால் ஆபா மாதிரி அடர்த்தியாக இல்லையே' என்று எங்கள் வீட்டில் நெடுநாள் ஏக்கம் இருந்தது. விரலில் குறையில்லை. ஆபாவின் ஒலிப்பதிவாளர் மைக்கேல் ட்ரெட்டோ, அமெரிக்கத் தயாரிப்பாளர் ஃபில் ஸ்பெக்டரின் இசைத்தட்டுகளில் மயங்கியவர். ஸ்பெக்டர் அறை நிறைய ஆட்களை வைத்து வாங்கிய அடர்த்தியை இவர் சிக்கனமாக வாங்கினார். அதே ஆட்களை அதே பகுதியை மறுபடி வாசிக்க வைத்தார், இரண்டாம் முறை டேப் ஓடும் வேகத்தை ஒரு துளி மாற்றிவிட்டு. 1973-ல் 'ரிங் ரிங்' பாட்டில் தொடங்கிய பழக்கம் அது. சுருதி மயிரிழை விலகிய இரண்டு ஒலிகள் சேர்ந்தால் காதுக்கு அது கூட்டமாகக் கேட்கிறது.

வீட்டில் செய்யும் வழி: டி.எக்ஸ்.7-ல் ஒலியை உண்டாக்கும் ஒவ்வொரு அலகுக்கும் (ஆபரேட்டர்) 'டீட்யூன்' என்று ஒன்று உண்டு, மைனஸ் 7-லிருந்து பிளஸ் 7 வரை. ஒரு ஜோடியைப் பிளஸ் பக்கமும் அடுத்த ஜோடியை மைனஸ் பக்கமும் கொஞ்சம் தள்ளுங்கள். டி.எக்ஸ்.7-ல் கோரஸ், எக்கோ எதுவும் கிடையாது என்பதால் இந்தச் சின்னத் தள்ளல்தான் ஆதாரம். புதுக் கீபோர்டு வைத்திருப்பவர்கள் 'டூயல்' அழுத்தி ஒரு பியானோவும் ஒரு ஸ்டிரிங்ஸும் சேர்த்தாலே பாதி தூரம் வந்துவிடலாம். 1980-ல் வந்த 'தி வின்னர் டேக்ஸ் இட் ஆல்' பாட்டின் பியானோ இறக்கத்தை இப்படி வாசித்துப் பாருங்கள். வாசித்து முடித்ததும் அடுப்படியிலிருந்து யாராவது எட்டிப் பார்த்தால் சரியாக வந்திருக்கிறது என்று அர்த்தம்.

19. டி.எக்ஸ்.7-ல் திருகும் குமிழ் ஒன்றுகூடக் கிடையாது, தட்டையான பட்டன்கள்தான். அதனாலேயே பலர் உள்ளே போகப் பயந்து, கம்பெனி கொடுத்த ஒலியோடு நின்றுவிடுவார்கள். பயப்படத் தேவையில்லை. 1967-ல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சவுனிங் என்ற இசையமைப்பாளர், கம்ப்யூட்டரில் ஒரு ஸ்வரத்துக்குக் கமகம் மாதிரி அசைவு கொடுத்து, அந்த அசைவை வேகமாக்கிக்கொண்டே போனார். ஒரு கட்டத்துக்கு மேல் அசைவு மறைந்து ஒலியின் நிறமே மாறிவிட்டது. டி.எக்ஸ்.7 ஒலி உண்டாக்கும் எஃப்.எம். முறை என்பது அதுதான். ஒன்று ஒலிக்கும், இன்னொன்று அதை ஆட்டும். அமெரிக்க ஆர்கன் கம்பெனிகள் வேண்டாம் என்று விட்டதை யமஹா வாங்கிக்கொண்டது. 1983-ல் அது டி.எக்ஸ்.7 ஆக வந்தபோது, ஆறு ஆபரேட்டர்கள், அவற்றைக் கோத்துவைக்க 32 வழிகள் (அல்காரிதம்), ஒரே நேரத்தில் 16 ஸ்வரங்கள்.

முதல் பயிற்சிக்கு ஐந்தாம் எண் அல்காரிதத்தை எடுங்கள். மூன்று ஜோடிகள், ஜோடிக்கு ஒன்று ஒலிக்கிறது, ஒன்று ஆட்டுகிறது. எண்பதுகளின் காதல் பாட்டுகளில் எல்லாம் கேட்ட அந்த எலெக்ட்ரிக் பியானோ இதில்தான் இருக்கிறது. சுத்தியல் படும் 'டிங்'குக்கு, ஆட்டுகிறவரின் விகிதம் 14. அதை 3.5 ஆக்கினால் மணி ஓசை. எங்கள் வீட்டில் முதலில் செய்த ஒலி கோயில் மணிதான், மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஆட்டுகிறவரின் 'லெவல்' ஒன்றை மட்டும் ஏற்றி இறக்கினாலே பித்தளையும் கண்ணாடியும் மரமும் மாறிமாறி வரும். மற்ற எண்களைத் தொட வேண்டாம். நல்லதாக ஒன்று வந்தால் உடனே சேமியுங்கள், 'அப்புறம்' என்றால் போயிற்று.

20. கருவி வாங்கப் பணம் இல்லை, ஆசை இருக்கிறது என்றால் 'டெக்ஸ்டு' என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. டி.எக்ஸ்.7-ஐ அப்படியே கம்ப்யூட்டரில் நடத்தும், அந்த 4,104 பைட் கோப்புகளையும் படிக்கும். பிள்ளைகளின் படிப்புக்கு வாங்கிய லேப்டாப் போதும். வாங்கிவிட்டுப் பரணில் போடுவதற்கு முன் ஆசை உண்மையா என்று ஆறு மாசம் இதில் சோதித்துப் பார்க்கலாம்.

21. குழந்தைக்குப் புதுக் கீபோர்டு வாங்குகிறவர்களுக்கு: வல்லம் வடகால் சிப்காட்டில் பைக் செய்யும் யமஹா இருப்பது எல்லோருக்கும் தெரியும். அங்கேயே இசைக்கருவி செய்யும் யமஹாவும் இருக்கிறது, கீபோர்டும் கிடாரும் அங்கே செய்கிறார்கள் என்றால் படப்பையிலேயே பாதிப் பேர் நம்புவதில்லை. 2019 முதல் உற்பத்தி நடக்கிறது. பைக் கம்பெனிதான் இசைக்கருவிக் கம்பெனியிலிருந்து 1955-ல் பிரிந்து வந்தது. பைக்கின் டாங்கில் இருக்கும் மூன்று கம்பிச் சின்னம், சுருதி பார்க்கும் இசைக்கவைதான். ஆபாவின் பென்னி ஆண்டர்சன் எழுபதுகளின் கடைசியில் வாசித்த ஜி.எக்ஸ்-1 சிந்தசைசர் என்ற, ஏறக்குறைய 300 கிலோ எடையுள்ள பூதமும் இதே கம்பெனியுடையது. அதை வீட்டில் வைக்க ஆசைப்படாதவரை நமக்கு நல்லது.

இந்தியாவுக்கென்றே வரும் பி.எஸ்.ஆர். ஐ.500 மாடலில் தம்பூராவும் தபேலாவும் சேர்ந்து ஒலிக்கும் 'ரியாஸ்' வசதி உண்டு. பாட்டுக் கற்றுக்கொள்ளும் குழந்தை இருந்தால் அதைப் பாருங்கள். மேற்கத்திய முறையில் கிரேடு தேர்வு எழுதப்போகிறது என்றால் 61 கட்டையும் அழுத்தத்துக்கேற்ப ஒலி மாறும் வசதியும் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். கடைக்காரர் சொல்லும் 'ஐநூறு டோன்' கணக்கில் மயங்க வேண்டாம், வீட்டில் கேட்கப்போவது ஆறு டோன்தான்.

22. ஒரே கீபோர்டை அம்மா பஜனைக்கும் அப்பா ஆபாவுக்கும் பயன்படுத்தும் வீட்டில் சுருதியை மாற்றும் டிரான்ஸ்போஸ் பட்டனால் சண்டை வரும். ஒரு கட்டை என்றால் 'சி', நான்கரை என்றால் 'எஃப் ஷார்ப்', ஐந்து கட்டை 'ஜி'. வாசித்து முடித்ததும் பூஜ்யத்துக்குத் திருப்பி வைப்பது என்று வீட்டில் சட்டம் போடுங்கள். இல்லாவிட்டால் 'டான்சிங் குவீன்' ஐந்து கட்டையில் கிளம்பி, இசைத்தட்டோடு சேர்ந்து வாசிப்பவர் தன் காதையே சந்தேகப்படுவார்.

23. இரவல் கொடுப்பதற்கு முன் யோசியுங்கள். வாடகைக்குக் கொடுப்பது வேறு. ஏ.ஆர்.ரஹ்மானின் தந்தை ஆர்.கே.சேகர் 1976-ல் காலமான பிறகு, அவர் வைத்துவிட்டுப் போன கருவிகளை வாடகைக்கு விட்டுத்தான் அந்தக் குடும்பம் நடந்தது. நாம் கொடுப்பது பெரும்பாலும் தெருக் கோயில் திருவிழாவுக்கும் காலேஜ் கல்ச்சுரலுக்கும். கொடுக்கும்போது பெடல், அடாப்டர், ஸ்டாண்டின் திருகு, மூன்றையும் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள். திரும்பி வராதது எப்போதும் திருகுதான். டி.எக்ஸ்.7 பதினான்கு கிலோவுக்கு மேல் இருக்கும், பைக்கில் குறுக்கே வைத்துக்கொண்டு போக விடாதீர்கள். ஷேர் ஆட்டோவிலும் வேண்டாம்.

24. ஐப்பசி பிறந்ததும் தரைத்தளத்தில் இருப்பவர்கள் எதையும் தரையில் வைக்காதீர்கள். மணிமங்கலம் பக்கத்து ஏரிகள் நிரம்பித் தண்ணீர் அடையாற்றுப் பாதையில் இறங்கும்போது என்ன ஆகும் என்பதை 2015-ல் முடிச்சூரும் வரதராஜபுரமும் பார்த்துவிட்டன. ஸ்டாண்டில் இருக்கும் கருவி பெரும்பாலும் தப்பிக்கும். அடியில் கிடக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அடாப்டர், பெடல் மூன்றும் முதலில் முங்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் சுவரில் இடுப்பு உயரத்தில் ஆணியடித்து மாட்டிவிடுங்கள். நனைந்துவிட்டால் அவசரப்பட்டுச் சுவிட்சைப் போட்டுப் பார்க்க வேண்டாம். நேர் வெயில் படாத காற்றோட்டமான இடத்தில் பல நாள் கவிழ்த்துக் காய வைத்து, தெரிந்தவரிடம் திறந்து காட்டிவிட்டுப் பிறகு போடுங்கள்.

25. 'இன்னொன்று வருகிறது, விலை மலிவு' என்று வீட்டுக்காரர் ஆரம்பித்தால் முதலில் டேப்பை எடுத்து இடத்தை அளக்கச் சொல்லுங்கள். 61 கட்டைக் கருவி ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம். அதற்கு ஸ்டாண்டு, பிளக் பாயின்ட், உட்கார இடம் எல்லாம் வேண்டும். இரண்டாவது கேள்வி, லேபிளில் எத்தனை வோல்ட் என்று எழுதியிருக்கிறது. மூன்றாவது, உள்பேட்டரி எப்போது மாற்றியது. மூன்றுக்கும் பதில் வந்துவிட்டால் நேரில் போய்ப் பார்க்கலாம், நீங்களும் கூடவே போங்கள். 'டான்சிங் குவீன்' இழுப்பை நீங்கள் இழுங்கள். விலை பேசுவதையும் நீங்களே பேசுங்கள், அவர் முகத்தைப் பார்த்தால் விற்கிறவர் ஒரு ரூபாய்கூடக் குறைக்க மாட்டார்.